காலம் சுமக்கும் வினை: ஆங்கிலத்தின் ‘டூ’

‘வாட் டூ யூ டூ?’ என்று ஒருவர் கேட்டால், ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்று பொருள். நான்கே சொல் கொண்ட அந்தக் கேள்வியில் ‘டூ’ இருமுறை வருகிறது. கடைசியில் நிற்கும் ‘டூ’வுக்குச் ‘செய்’ என்று பொருள் சொல்லிவிடலாம். ‘வாட்’டை அடுத்து நிற்கும் ‘டூ’வுக்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது. அகராதியைப் புரட்டினாலும் ‘துணைவினை’ என்ற குறிப்புத்தான் கிடைக்கும். ஆனால் அதை எடுத்துவிட்டால் அந்த வாக்கியம் இன்றைய ஆங்கிலமாக இருக்காது. பொருளே இல்லாத ஒரு சொல் ஒரு மொழியில் எப்படிக் கட்டாயமாயிற்று? ஆங்கில வரலாற்று இலக்கணத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. இன்னும் முழு விடை காணாத கேள்வியும் கூட.

ஆங்கிலத்தின் நெருங்கிய உறவுமொழிகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஜெர்மன்காரர் வினையை எழுவாய்க்கு முன்னே கொண்டுவந்து கேள்வி கேட்கிறார். வினைக்குப் பின்னே எதிர்மறைச் சொல்லை வைத்து மறுக்கிறார். டச்சிலும் ஸ்வீடிஷிலும் இதே வழிதான். ஆங்கிலமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ‘நோ யூ ஹிம்?’ என்று கேட்டார்கள். ‘ஐ நோ ஹிம் நாட்’ என்று பதில் சொன்னார்கள். இன்று அதையே ‘டூ யூ நோ ஹிம்?’, ‘ஐ டூ நாட் நோ ஹிம்’ என்றுதான் சொல்ல வேண்டும். இந்த மாற்றம் நடந்து முடிய ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். இந்தோ ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் மூலமாகக் கருதப்படும் மொழியில் ‘வை, இடு’ என்ற பொருளுடைய ஒரு வேர் இருந்தது. சமஸ்கிருதத்தில் அது ‘தா’ என்ற வினையடியாக நிற்கிறது. (கொடு என்ற பொருளுடைய ‘தா’ வேறு, இது மூச்சொலியோடு ஒலிக்கும் ‘தா’.) ‘நிதி’, ‘விதி’, ‘சந்தி’, ‘சமாதி’ என்று நாம் அன்றாடம் புழங்கும் வடசொற்கள் எல்லாம் அந்த அடியில் பிறந்தவை. வினையடியைக் குறிக்கும் ‘தாது’ என்ற இலக்கணச் சொல்லும் அதன் பிள்ளைதான். கிரேக்கத்தில் ‘தீசிஸ்’, ‘தீம்’ ஆகிய சொற்களுக்கும், லத்தீனில் ‘ஃபேக்ட்’, ‘ஃபேக்டரி’ ஆகியவற்றுக்கும் மூலமான வினைகளும் அந்த வேரிலிருந்தே வந்தன. ஜெர்மானியக் கிளையில் அது ‘செய்’ என்று பொருள் திரிந்து ஆங்கிலத்தின் ‘டூ’ ஆனது. ‘டீட்’ என்னும் செயலும், தீர்ப்பையும் விதியையும் குறித்த ‘டூம்’ என்ற சொல்லும் அதன் உடன்பிறப்புகள். ‘வை’ என்ற பழம்பொருள் இரண்டு சொற்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடையை அணிவதற்கு ‘டான்’. அது ‘டூ ஆன்’ என்பதன் சுருக்கம். தொப்பியைக் கழற்றுவதற்கு ‘டாஃப்’. அது ‘டூ ஆஃப்’.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. ‘வாக்டு’, ‘லவ்டு’ என்று இறந்தகாலம் காட்டும் அந்த ‘ட்’ விகுதியே ‘டிட்’ என்ற சொல்லின் தேய்ந்த வடிவம் என்பது ஒப்பியல் மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தைப் பெயர்த்த காதிக் மொழியில், இறந்தகாலப் பன்மை விகுதி ‘-தேதும்’ என்று நீண்டு நிற்கிறது. அதில் ‘செய்தோம்’ என்னும் முழுச்சொல்லின் உருவம் வெளிப்படையாகத் தெரிகிறது. விவரங்களில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இது சரியென்றால், ஜெர்மானிய மொழிகள் ஒருமுறை ‘செய்’ வினையைப் பிற வினைகளோடு ஒட்டிக் காலம் காட்டவைத்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஆங்கிலம் மட்டும் அதே வினையை அதே பணிக்கு மறுபடி அழைத்திருக்கிறது.

முழுவினையாக ‘டூ’வின் பொருள்களை விரித்தால் முடிவிராது. பாத்திரம் துலக்குவதும் ‘டூ’, தலை வாரி அலங்கரிப்பதும் ‘டூ’, வீட்டுப்பாடம் எழுதுவதும் ‘டூ’, சிறையில் காலம் கழிப்பதும் ‘டூ’. எந்தப் பெயர்ச்சொல் பக்கத்தில் நிற்கிறதோ அதற்கு வழக்கமாக என்ன செய்வோமோ அதுவே அங்கே பொருள். ‘தட் வில் டூ’ என்றால் ‘அது போதும்’. ‘டூ வித்தவுட்’ என்றால் ஒன்று இல்லாமலே சமாளிப்பது. ‘டூ அவே வித்’ என்றால் ஒழித்துக்கட்டுவது. நமக்குச் சிக்கல் தருவது ‘மேக்’ என்ற இன்னொரு வினை. தமிழில் தச்சர் நாற்காலி செய்கிறார், பிள்ளை தவறு செய்கிறான், அமைச்சர் முடிவு செய்கிறார், எல்லாம் ‘செய்’தான். ஆங்கிலத்தில் இவை மூன்றும் ‘மேக்’. புதிதாக ஒன்றை உண்டாக்கினால் ‘மேக்’, இருக்கும் ஒன்றின்மேல் வேலை நடந்தால் ‘டூ’ என்பது ஓரளவுக்கு உதவும். அதற்கு மேல் பழகித்தான் பிடிபட வேண்டும்.

துணைவினையான ‘டூ’வுக்கு வருவோம். அது நான்கு இடங்களில் வருகிறது: மறுப்பில், கேள்வியில், அழுத்திச் சொல்வதில், முன்னே வந்த வினையைத் திரும்பச் சொல்லாமல் சுட்டுவதில். ‘ஹி டஸ் நாட் சிங்’, ‘டஸ் ஹி சிங்?’, ‘ஹி டஸ் சிங்’, ‘யெஸ், ஹி டஸ்’. இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நைஸ்’ பண்புகள் என்று இலக்கண ஆசிரியர்கள் குறிப்பதுண்டு. ‘கேன்’, ‘வில்’, ‘ஹேவ்’, ‘பி’ போன்ற துணைவினைகள் இந்த நான்கு வேலைகளையும் தாங்களே செய்துகொள்ளும். அவற்றில் எதுவும் இல்லாத வாக்கியத்தில் மட்டும் ‘டூ’ வந்து நிற்கும். ஆகவே ‘கேன் யூ சிங்?’ என்பதில் ‘டூ’வுக்கு இடமில்லை.

வந்து நின்று அது செய்யும் பணி ஒன்றே ஒன்றுதான். வாக்கியத்தின் காலத்தையும், எழுவாய்க்கேற்ற விகுதியையும் அது ஏற்றுக்கொள்கிறது. ‘ஹி சிங்ஸ்’ என்பதில் வினையின் வாலில் இருந்த ‘ஸ்’, ‘டஸ்’ஸுக்குப் போய்விடுகிறது. ‘வென்ட்’ என்பதில் இருந்த இறந்தகாலம் ‘டிட்’டுக்குப் போய்விடுகிறது. எனவேதான் ‘டிட் யூ வென்ட்?’ தவறாகிறது, ஒரே காலத்தை இருமுறை சொன்னதாகிவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்கும் குழந்தைகளும் சில காலம் இப்படி இருமுறை காலம் காட்டிப் பேசிவிட்டே தெளிகிறார்கள். நம் மாணவர்கள் அதே இடத்தில் தடுக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு விலக்குகளைக் குறிப்பிட வேண்டும். ‘ஹூ கேம்?’ என்று எழுவாயையே வினவும்போது ‘டூ’ வராது. அங்கே வினாச்சொல்லே எழுவாயின் இருக்கையில் அமர்ந்திருப்பதால் சொல்வரிசையில் எதுவும் புரளவில்லை. இன்னொன்று ஏவல். ‘பி’ வினை வேறெங்கும் ‘டூ’வை ஏற்காது, ஆனால் ‘டோன்ட் பி லேட்’ என்ற ஏவலில் ஏற்கும்.

வரலாற்றுக்குத் திரும்புவோம். இந்தத் துணைவினை எழுத்தில் தெளிவாகத் தென்படத் தொடங்குவது பதின்மூன்றாம் நூற்றாண்டில், அதுவும் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிச் செய்யுள்களில். அந்தக் காலத்தில் ‘டூ’வுக்குப் பிறவினைப் பொருளும் இருந்தது. ஒரு வினையின் முன் ‘டிட்’ வந்தால், ‘செய்வித்தான்’ என்று பொருள்படலாம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்வார் எல்லெகோர்ட் 1953இல் வெளியிட்ட நூல் இந்தத் துறையின் அடித்தளம். கணிப்பொறி ஆய்வுமேசைக்கு வராத காலத்தில், நூற்றாண்டுகள் பலவற்றின் நூல்களைப் படித்து, ‘டூ’ வந்த இடங்களையும் வராத இடங்களையும் எண்ணித் தொகுத்தார். பிறவினையான ‘டூ’ பொருள் மங்கிப் பொருளற்ற துணைவினையாயிற்று என்பது அவருடைய முடிவு. ஓர் அரசன் மாளிகை ‘கட்டுவித்தான்’ என்றாலும் ‘கட்டினான்’ என்றாலும் நடந்தது ஒன்றே. கேட்பவர் மனத்தில் அந்த வேறுபாடு கரையும்போது ‘டூ’ வெறும் காலங்காட்டியாக எஞ்சுகிறது. நம் வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ராஜராஜன் தஞ்சைக் கல்வெட்டில் பெரிய கோயிலை ‘எடுப்பிச்ச’தாகப் பிறவினையில்தான் பொறித்தான். இன்று நாம் எல்லோரும் ‘ராஜராஜன் கோயில் கட்டினான்’ என்கிறோம்.

கவிஞர்களுக்கு இந்த ‘டூ’ பெரும் வசதியாயிற்று. முன்னே ‘டிட்’ போட்டுவிட்டால் வினையின் எச்ச வடிவத்தை அடியின் கடைசிக்குத் தள்ளி இயைபு சேர்க்கலாம்; ஓர் அசை கூட வேண்டுமானாலும் அதுவே கைகொடுக்கும். சாசரிடம் இது அரிது. அவருக்குப் பின்வந்த லிட்கேட் தாராளமாகக் கையாண்டார். பேச்சிலும் உரைநடையிலும் பரவியது பதினாறாம் நூற்றாண்டில். எல்லெகோர்டின் கணக்குப்படி முதலில் உயர்ந்தது எதிர்மறைக் கேள்வி, அதன்பின் சாதாரணக் கேள்வி, அதற்கும் பின்னால் எதிர்மறைக் கூற்று. அழுத்தமே இல்லாத உடன்பாட்டுக் கூற்றிலும் அன்று ‘டூ’ வந்தது. ‘ஹி டிட் கம்’ என்றால் ‘வந்தான்’ என்றே பொருள். இந்த வகை பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்து வரை ஏறியது, பிறகு சரிந்தது. மற்ற மூன்றும் மேலே போக, இது மட்டும் ஏன் இறங்கியது என்பது தனிப் புதிர். ஹெல்சின்கியில் பழைய கடிதத் தொகுப்புகளை ஆராய்ந்த அர்யா நுர்மி, 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையும் ஏறியதைச் சுட்டுகிறார். அவருடன் லண்டனுக்கு வந்த ஸ்காட்டியர்களின் பேச்சில் ‘டூ’ குறைவு. அரசவையின் பேச்சை நகரம் பின்பற்றியிருக்கலாம் என்பது அவர் வாதம்.

ஷேக்ஸ்பியர் எழுதிய காலம் இரண்டு வழக்குகளும் ஒன்றாகப் புழங்கிய காலம். ஒரே நாடகத்தில் ‘டூ’ உள்ள கேள்வியும் இல்லாத கேள்வியும் அடுத்தடுத்து வரும். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் வேண்டுமென்றே பழைய நடையைப் போற்றியது. அதில் மறுப்புச் சொல் பெரும்பாலும் வினைக்குப் பின்னேயே நிற்கிறது. வினைகளிலும் சில பிடிவாதம் பிடித்தன. ‘நோ’, ‘டவுட்’, ‘கேர்’ போன்ற மிகப் பழகிய வினைகள் மற்றவற்றைவிட நெடுங்காலம் ‘டூ’வை அண்டவிடவில்லை. நாளும் பொழுதும் நாவில் புரளும் சொல்தான் பழைய வடிவத்தைக் கடைசிவரை காக்கும் என்பது மொழிகள் பலவற்றில் காணும் உண்மை.

பதினெட்டாம் நூற்றாண்டில் அழுத்தமற்ற ‘டூ’ ஏச்சுக்கு ஆளானது. 1711இல் அலெக்ஸாண்டர் போப் தம் விமர்சனச் செய்யுளில் அதை அடி நிரப்பும் வெற்றுச்சொல் என்று பழித்தார். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியின் இலக்கணப் பகுதியில் அது தேவையற்ற, பிழையான பேச்சுமுறையாகக் கருதப்படுவதாக எழுதினார். சட்டமொழி மட்டும் அதை விடவில்லை. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் குடியரசுத் தலைவர் உறுதிமொழியிலும், இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் அமைச்சர்களும் நீதிபதிகளும் எடுக்கும் உறுதிமொழிகளிலும் அந்த ‘டூ’ நிற்கிறது. நம் ஊர் நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சாகும் ஒவ்வொரு ஆங்கிலப் பிரமாணப் பத்திரத்திலும் ‘டூ ஹியர்பை’ என்று பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

தோற்றம் பற்றிய வழக்கில் எல்லெகோர்டுக்கு எதிரணியில் நிற்பது கெல்டிக் கருதுகோள். வெல்ஷ், கார்னிஷ் ஆகிய பிரிட்டானியக் கெல்டிக் மொழிகளில் ‘செய்’ வினையைத் துணையாக்கி வாக்கியம் அமைக்கும் வழக்கம் உண்டு. ஆங்கிலோ சாக்ஸன்கள் தீவில் குடியேறியபோது, அங்கிருந்த மக்கள் தம் மொழியின் வாக்கிய அமைப்போடு ஆங்கிலத்தைக் கற்றார்கள். அதன் தடமே ‘டூ’ என்கிறது இக்கருதுகோள். ஜான் மெக்வோர்ட்டர் 2008இல் பொது வாசகருக்காக எழுதிய நூலில் இதற்காக உரத்து வாதாடினார். அதே ஆண்டு ஃபில்புலா, கிளெமோலா, பவுலாஸ்டோ ஆகிய பின்லாந்து ஆய்வாளர் மூவரின் நூல் இதைச் சான்றுகளோடு நிதானமாகப் பரிசீலித்தது. துணைவினை முதலில் தலைகாட்டிய தென்மேற்குப் பகுதி கார்ன்வாலையும் வேல்ஸையும் ஒட்டியது என்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டில் நடந்த கலப்பின் விளைவு பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை எழுத்தில் ஏன் தெரியவில்லை? பேச்சில் இருந்தது, எழுத்துநடை அதை ஒதுக்கியது என்கிறார்கள். எழுநூறு ஆண்டு மௌனத்துக்கு அந்த விடை எனக்குப் போதவில்லை.

வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. முன்னிலை ஒருமையில் வினைகள் ‘-எஸ்ட்’ விகுதி பெற்ற காலம் அது; இறந்தகாலத்தில் மெய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி உச்சரிப்பதே கடினமாகும். ‘டிட்ஸ்ட்’ என்று விகுதியை ஒரே சொல்லில் ஏற்றிவிட்டால் பின்வரும் வினை எளிதாகிவிடும். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இறுகிவந்ததும் ஒரு காரணம். வினை தன் செயப்படுபொருளை விட்டுப் பிரியாமலே கேள்வி கேட்க ‘டூ’ வழி செய்தது. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோன்றியதற்கு ஒரு காரணமும், பரவியதற்கு வேறொரு காரணமும், நிலைத்ததற்கு மூன்றாவது காரணமும் இருக்கலாம். பிறவினையில் தோன்றி, இறுகிய சொல்வரிசையால் நிலைத்தது என்பதே எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. அதற்கான சான்று தமிழிலேயே உண்டு; பிறகு சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சிறு சொல் மொழியியல் கோட்பாட்டின் நடுவுக்கு வந்தது. 1957இல் நோம் சாம்ஸ்கி, கால விகுதி வினையோடு ஒட்ட முடியாமல் தனித்து விடப்படும்போது அதைத் தாங்கவே ‘டூ’ நுழைக்கப்படுகிறது என்று விளக்கினார். 1989இல் ழான் இவ் பொலோக், பிரெஞ்சு வினை மறுப்புச் சொல்லைத் தாண்டி முன்னே நகர்கிறது, ஆங்கில வினை நகர்வதில்லை, அந்த இடைவெளியை ‘டூ’ நிரப்புகிறது என்று காட்டினார். அதே ஆண்டு அந்தோனி க்ரோக், எல்லெகோர்டின் எண்களை மறுபடி கணக்கிட்டார். கேள்வி, மறுப்பு என்று இடத்துக்கு இடம் ‘டூ’வின் அளவு வேறுபட்டாலும், வளர்ச்சியின் வேகம் பதினாறாம் நூற்றாண்டின் மூன்றாம் கால்பகுதி வரை எல்லா இடத்திலும் ஒன்றே என்று கண்டார். அடியில் நடந்தது ஒரே இலக்கண மாற்றம். வெளியே தெரிந்தவை அதன் பல முகங்கள்.

ஆங்கிலத்துக்கு மட்டுமே உரிய விந்தை இது என்று நெடுநாள் நம்பப்பட்டது. ஆனால் வட இத்தாலியின் கமோனிகா பள்ளத்தாக்கில் மொன்னோ என்ற ஊரின் கிளைமொழியில், கேள்வி கேட்க ‘செய்’ வினை துணையாக வருவதை பெனின்கா, பொலெட்டோ ஆகிய ஆய்வாளர்கள் 2004இல் விளக்கமாக எழுதினார்கள். ஆங்கிலத்துக்குள்ளேயே வேறு ‘டூ’க்களும் வாழ்கின்றன. டார்செட், சாமர்செட் கிராமப் பேச்சில் அழுத்தமற்ற ‘டூ’ வழக்கமாகச் செய்யும் செயலைக் குறித்தது. அயர்லாந்தில் ‘டஸ் பி’ என்றால் ‘வழக்கமாக இருக்கும்’. பார்படாஸ், டிரினிடாட், கயானா பேச்சில் ‘ஹி டஸ் கோ’ என்றால் ‘அவன் போவது வழக்கம்’. சென்னைத் துறையில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தோரும் இன்று அப்படித்தான் பேசுகிறார்கள்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். ‘அம்மா குழந்தையைச் சிரிக்கச் செய்தாள்’ என்றால் ‘செய்’ பிறவினை. ‘குழந்தை சிரிக்கத்தான் செய்தது’ என்றால் அதே ‘செய்’க்குப் பொருளே இல்லை; காலமும் விகுதியும் மட்டும் அதில் நிற்கின்றன. ‘குழந்தை அழுதது, சிரிக்கவும் செய்தது’ என்பதில் காரணம் இன்னும் தெளிவு. ‘சிரித்ததும்’ என்றால் வேறு பொருளாகிவிடும். முற்றின்மேல் ‘உம்’ ஏறாது. ஆகவே வினை எச்சமாகி ‘உம்’மை ஏற்க, காலத்தைத் தாங்க ‘செய்’ வருகிறது. ஆங்கில ‘டூ’ செய்யும் அதே வேலை இது. பிறவினையும் பொருளற்ற துணைவினையும் ஒரே ‘செய்’க்குள், ஒரே எச்ச வடிவத்தோடு, இன்றும் குழப்பமின்றி வாழ்கின்றன என்றால், இடைக்கால ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்தது என்று எல்லெகோர்ட் சொன்னதில் இயற்கைக்கு மாறாக எதுவும் இல்லை. மறுப்பில் மட்டும் வழி பிரிகிறது. ‘வரவில்லை’ என்பதில் வினை எச்சமாகிவிடுகிறது. ஆனால் ‘இல்லை’யே முற்றாக நிற்பதால் ‘செய்’க்கு வேலை இல்லை. பேச்சுத் தமிழின் ‘பிரிண்ட் பண்ணு’, ‘ஃபோன் பண்ணு’ என்பவற்றில் ‘பண்ணு’ வேறொரு பணி செய்கிறது. அயல்சொல்லைத் தமிழ் வினையாக்கி விகுதி ஏற்க வைக்கிறது.

பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ‘சிரிக்கத்தான் செய்தது’ என்ற ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ‘டிட்’டுக்குப் பின் வினை ஏன் வெறும் வடிவத்தில் வருகிறது என்பதை மாணவர்கள் தம் மொழியைக் கொண்டே புரிந்துகொள்வார்கள். தமிழ்த்துறை ஆய்வு மாணவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். கல்வெட்டுகள், உரைகள், ஆரம்பகால அச்சு உரைநடை, நாளிதழ் என்று வரிசையாக எடுத்துக்கொண்டு, பொருளற்ற ‘செய்’ எந்தக் காலத்தில், எந்த இடைச்சொல்லோடு, எவ்வளவு வருகிறது என்று எல்லெகோர்ட் எண்ணியதுபோல எண்ணித் தொகுக்க யாராவது முன்வர வேண்டும்.